ஒரு தலை, ஏழு ஹெட்போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் என் அறைக்குள் எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, துண்டு காயப்போட அடித்த கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஹெட்போன்கள். ஆறு தொங்குகின்றன. ஏழாவது காதுக்குள் செருகும் ரகம், டப்பாவில் இருக்கிறது. பார்த்தவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். பல வருடமாக வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

காது ரெண்டுதானே, எதுக்கு ஏழு?

முதலில் கேட்டது அம்மா. எங்கள் வீட்டில் இரண்டு கல் உண்டு, ஒன்று தோசைக்கு, ஒன்று சப்பாத்திக்கு. இரண்டும் இரும்பு, இரண்டும் வட்டம். ஆனால் தோசைக்கல்லில் யாராவது சப்பாத்தி போட்டுவிட்டால் மறுநாள் தோசை பிய்ந்து பிய்ந்து வரும். அன்றைக்கு அடுப்படியில் கேட்கும் பேச்சை இங்கே எழுத முடியாது. "ஹெட்போனும் அப்படித்தாம்மா" என்றேன். "அப்போ ரெண்டு போதுமே" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கறாராகக் கணக்குப் போட்டால் தேவைக்கு மூன்று போதும்: வீடு அமைதியாக இருக்கும் நேரத்துக்கு ஒன்று, சத்தமான நேரத்துக்கு ஒன்று, வெளியே கொண்டுபோக ஒன்று. மிச்சம் நான்கும் ஆசைக்கு வாங்கியவை. தேவை என்று சொல்லி ஆசைக்கு வாங்குவதைவிட, ஆசை என்று ஒப்புக்கொண்டு வாங்கினால் செலவு குறைகிறது. இது என் அனுபவம்.

எதில் போட்டாலும் அதே பாட்டுதானே கேட்கும்?

கேட்கும். அதே ஆளை வெயிலில் பார்ப்பதற்கும் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பதற்கும் இருக்கிற மாதிரி வித்தியாசம் இருக்கும்.

நான் புதிதாக எது வாங்கினாலும் முதலில் போடுவது ஒரு கச்சேரிப் பதிவின் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தில் வலந்தலை, தொப்பி என்று இரண்டு பக்கமும் இரண்டு உலகம். வலந்தலையில் விழும் சாப்பு கூர்மையான சத்தம். தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி, அடிவயிற்றிலிருந்து வருவது. ஒரு ஹெட்போன் இந்த இரண்டையும் எப்படிப் பங்கிடுகிறது என்று பார்த்தாலே அதன் ஜாதகம் தெரிந்துவிடும்.

சென்ஹைசர் எச்.டி. 600-ல் கேட்டால் சாப்பு அளவாக விழும், பின்னால் தம்பூரா இழை அறாமல் ஓடும். தம்பூரா தந்திக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு நூலைச் செருகுவார்களே, ஜீவா என்று, அது கொடுக்கும் ரீங்காரம்கூடத் தனியாகக் காதில் விழும். ஆனால் கும்கி கொஞ்சம் இளைத்துத்தான் வரும். ஆழமான பேஸ், அதாவது அடித்தொனி, அந்த ஹெட்போனின் பலம் இல்லை. அதே பதிவை பேயர்டைனமிக் டிடி 770-ல் போட்டால் கும்கி புஷ்டியாக எழும்பி அறையையே நிறைக்கும். சாப்பு கத்தி மாதிரி மின்னும். ஆனால் பாடகர் ஒரு அடி பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். கிராடோ எஸ்.ஆர். 80-ல் மிருதங்கத்தை மறந்துவிடுங்கள். அதில் கேட்க வேண்டியது வயலின். வில் தந்தியில் உரசும் அந்தக் கரகரப்பு அவ்வளவு பக்கத்தில் வேறு எதிலும் எனக்குக் கேட்டதில்லை.

மூன்றும் பொய் சொல்லவில்லை. எந்த அலைவரிசையை எவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது என்பதுதான் ஒவ்வொன்றுக்கும் மாறுகிறது. அதோடு உங்கள் காது மடலின் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் எனக்குக் குத்துகிற ஹெட்போன் உங்களுக்கு இதமாக இருக்கலாம்.

ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டாவதாக எதை வாங்கலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். முதலாவதைவிட உசத்தியானதை வாங்காதீர்கள். முதலாவதற்கு நேர் எதிரானதை வாங்குங்கள்.

பெரும்பாலோர் ஐயாயிரத்துக்கு ஒன்று வாங்கி, ஆறு மாதத்தில் அதையே கொஞ்சம் நன்றாகச் செய்யும் பதினையாயிரத்துக்கு இன்னொன்று வாங்குகிறார்கள். பழையது அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆக, அவர்களிடம் எப்போதும் ஒரே ஒரு ஹெட்போன்தான் இருக்கிறது, விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நானும் இப்படி நான்கு வருடம் ஏணி ஏறினேன். இருப்பது க்ளோஸ்டு பேக்கா, அடுத்தது ஓப்பன் பேக் (இவை என்ன என்பது அடுத்த கேள்வியில்). இருப்பது பேஸ் தூக்கலா, அடுத்தது குரல் தெளிவாக வருவது. இருப்பது வயர்லெஸ்ஸா, அடுத்தது வயர் உள்ளது. அப்போதுதான் இரண்டும் கம்பியில் தொங்கும், இரண்டும் இறங்கும்.

ஓப்பன் பேக், க்ளோஸ்டு பேக் என்றால் என்ன?

ஹெட்போனின் வெளிப்பக்கம் மூடியிருந்தால் க்ளோஸ்டு, வலை போட்டுத் திறந்திருந்தால் ஓப்பன். 1968-ல் சென்ஹைசர் கொண்டுவந்த எச்.டி. 414-தான் முதல் ஓப்பன் பேக் ஹெட்போன். மஞ்சள் நுரைப் பஞ்சு வைத்தது, பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் திறந்திருப்பதால் ஒலி அடைபட்டு எதிரொலிப்பதில்லை. தலைக்குள் பாடுவது போல இல்லாமல் கொஞ்சம் வெளியே நின்று பாடுவது போல இருக்கும். காதும் வேகாது.

இதற்குப் பதிலாக நாம் இழப்பது என்னவென்றால், உள்ளே ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், வெளியே நடப்பதெல்லாம் உங்களுக்குக் கேட்கும். வெளிநாட்டு விமர்சனங்களில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். அவர்கள் வீட்டில் ஃபேன் ஓடுவதில்லை. சென்னையில் மே மாதம் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு ஓப்பன் பேக் போட்டால், தம்பூராவோடு இன்னொரு சுருதிப்பெட்டியும் சேர்ந்து ஓடும். அதனால் என்னுடைய ஓப்பன் பேக் நேரம் இரவு பதினொன்றுக்கு மேல், ஃபேன் ஒன்றில். மார்கழி வந்தால் ஃபேனே வேண்டாம். அந்த ஒரு மாதம் எச்.டி. 600 கம்பிக்கே திரும்புவதில்லை.

க்ளோஸ்டு பேக்குக்கு ஒரு எச்சரிக்கை. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் அதன் காம்பு குஷனைத் தூக்கி ஒரு சின்ன இடைவெளி விட்டுவிடும். அந்த வழியாக பேஸ் ஒழுகிவிடும். "விமர்சனத்தில் பேஸ் அதிகம்னு போட்டிருந்தான், எனக்கு ஒண்ணுமே வரலை" என்பவர்களில் பாதிப்பேர் கண்ணாடிக்காரர்கள்.

பிளானார், எலக்ட்ரோஸ்டாட்டிக் என்கிறார்களே?

சாதாரண ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர். கம்பிச்சுருளோடு ஒரு சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. பிளானாரில் சுருள் கிடையாது. மெல்லிய படலத்தின் மேலேயே மின்தடம் ஓடும், காந்தங்கள் அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும். படலம் முழுவதும் ஒன்றாக அசைவதால் பேஸ் ஆழமாகவும் கெட்டியாகவும் வரும். சீனாவின் ஹைஃபைமேன் போன்ற கம்பெனிகள் இதை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்துவிட்டன.

எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் காந்தமே இல்லை, மின்னழுத்தம்தான் படலத்தை அசைக்கிறது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனி 1960-ல் வெளியிட்ட எஸ்.ஆர்.-1 தான் இந்த ரகத்தில் முதல். இன்றைய ஸ்டாக்ஸ்களுக்கு படலத்தில் எப்போதும் நிற்க 580 வோல்ட் மின்னழுத்தம் (பயாஸ் என்பார்கள்) வேண்டும், அதற்கென்றே தனி ஆம்ப், அதாவது ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், வாங்க வேண்டும். ஒருவர் வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒலி நன்றாக இல்லை என்பதற்காக அல்ல.

ஆம்ப் வாங்கியே ஆக வேண்டுமா?

எந்த ஹெட்போன் என்பதைப் பொறுத்தது. அட்டைப்பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று இன்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை, ஓம் கணக்கில் இருக்கும். இன்னொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, டெசிபல் கணக்கில். எல்லோரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "300 ஓமா, போன் தள்ளாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சின்னக் கணக்கு ஒன்று. போனில் செருகி அதில் ஹெட்போனை மாட்டும் குட்டிக் கருவி, டாங்கிள், 1 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு அதில் 31 மில்லிவாட் கிடைக்கும். எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்குக் கிடைப்பது 3.3 மில்லிவாட்தான். பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் நம் காதுக்குத் தேவையான அளவு ஒலி அந்த மூன்று மில்லிவாட்டிலேயே வந்துவிடும். பழைய, சன்னமாகப் பதிவான கச்சேரிகளுக்கு மட்டும் வால்யூமைக் கடைசிவரை ஏற்ற வேண்டியிருக்கும்.

உண்மையில் ஆம்ப் கேட்பவை சென்சிட்டிவிட்டி குறைந்தவை. ஹைஃபைமேன் எச்.இ.-6 வெறும் 50 ஓம்தான், ஆனால் சென்சிட்டிவிட்டி 83.5 டெசிபல். 103.5 டெசிபல் உள்ள ஓர் இயர்போனோடு ஒப்பிட்டால் 20 டெசிபல் குறைவு. அதே சத்தத்துக்கு 100 மடங்கு சக்தி வேண்டும் என்று அர்த்தம். அதை ஸ்பீக்கர் ஆம்ப்பில் மாட்டிக் கேட்டவர்கள் உண்டு.

என் சிபாரிசு: முதலில் ஒரு நல்ல டாங்கிளோடு மூன்று மாதம் கேளுங்கள். வால்யூம் போதவில்லை என்றால் ஆம்ப் வாங்குங்கள். வால்யூம் போதுமாக இருந்தும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தால், அது பெரும்பாலும் ஆம்ப்பின் குறை இல்லை.

கடையில் போட்டுப் பார்த்து வாங்கினால் போதாதா?

நான் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு கடையில் இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது காதில் ஏறியதும் ஜிவ்வென்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் தலைவலி. பிறகுதான் உறைத்தது. அது நன்றாக இருக்கவில்லை, சத்தமாக இருந்தது. போனின் வால்யூமை மாற்றாமலே இரண்டையும் போட்டதால், சென்சிட்டிவிட்டி அதிகமான ஹெட்போன் தானாகவே ஜெயித்துவிட்டது. ஒரு டெசிபல் கூடினால்கூட மனசு அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே ஒப்பிடும்போது முதலில் வால்யூமைச் சமப்படுத்துங்கள். பேச்சுக் குரல் ஒன்றைப் போட்டு இரண்டிலும் ஒரே உயரத்தில் கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மாற்றி மாற்றிப் போடும் விளையாட்டை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் மூன்று நாள் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காது ஒன்றுக்குப் பழகியபிறகுதான் இன்னொன்றில் எது இல்லை என்பது புரியும்.

பேஸ், குரல் என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் வைத்து ஒரே ஹெட்போனை எல்லாமாகவும் மாற்றிக்கொள்ளலாமே?

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குப் பிடிக்காத கேள்வி. ஏனென்றால் முக்கால்வாசிப் பதில் "ஆமாம்".

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2012 வாக்கில் தொடங்கி, நிறையப் பேரை உட்காரவைத்து ஹெட்போன்களைக் கேட்க வைத்தார்கள். பெரும்பாலோருக்கு எந்த மாதிரி ஒலி பிடிக்கிறது என்பதை ஒரு வளைகோடாகவே வரைந்தார்கள். ஹார்மன் டார்கெட் என்பது அதுதான். இன்று உங்கள் ஹெட்போனின் அளவீட்டை எடுத்து, விண்டோஸில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ., ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற செயலிகளைக் கொண்டு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வரலாம். செலவு அதிகமில்லை. எச்.டி. 600-ன் கும்கிக் குறையைக்கூட ஓரளவு சரிக்கட்டிவிடலாம்.

மீதிக் கால்வாசியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஈக்வலைசரால் க்ளோஸ்டு பேக்கின் முதுகைத் திறக்க முடியாது. இறுக்கிப் பிடிக்கும் ஹெட்போனைத் தளர்த்த முடியாது. ஹெட்போனுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரிடம் கேட்கக்கூடாத ஆழத்துக்கு பேஸைக் கேட்டால் அது திணறும். அதுபோக, வெள்ளிக்கிழமை ராத்திரி கம்பி முன்னால் நின்று "இன்னிக்கு எது" என்று யோசிக்கும் அந்த அரை நிமிஷத்துக்கு எந்தச் செயலியும் ஈடில்லை.

பர்ன்-இன்? விலை உயர்ந்த கேபிள்?

நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திறக்கும் என்பார்கள். குஷன் அமுங்கி உங்கள் தலைக்கு ஏற்ற வடிவம் பிடிப்பது நிஜம். காது பழகுவதும் நிஜம். மீதியை நான் நம்புவதில்லை. கேபிள் அறுந்தால் மாற்றுங்கள்.

வயர்லெஸ் போதாதா?

பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் அதுதான் சரி. வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஒரு நல்ல கண்டுபிடிப்பு. வங்காளத்து அப்பாவுக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978-ல் ஒரு விமானப் பயணத்தில் எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். அதன் குணமும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. எஞ்சின், ஏ.சி. போல ஒரே சீராக உறுமும் சத்தத்தை அப்படியே விழுங்கிவிடும். குக்கர் விசில் உள்ளே வந்துவிடும்.

என் தயக்கம் பேட்டரியைப் பற்றித்தான். லித்தியம் பேட்டரி சில வருடங்களில் சோர்ந்துபோகும், பல மாடல்களில் அதை மாற்றுவது பெரும்பாடு. எச்.டி. 600 வந்தது 1997-ல். குஷன், கேபிள், தலைப்பட்டை என்று ஒவ்வொன்றையும் கையாலேயே கழற்றி மாற்றலாம்.

சென்னைப் புழுக்கத்தில் இவற்றை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நான் மூன்று ஜோடி குஷன்களைத் தின்னக் கொடுத்திருக்கிறேன். செயற்கைத் தோல் குஷன் பெரும்பாலும் பாலியூரித்தேன். ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அது தானாகவே சிதையும், வியர்வை சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆன் செய்ததும் எதிர்ப்பக்கம் இருந்தவர் "சார், காதுகிட்ட கறுப்பா ஏதோ" என்றார். கையால் துடைத்தேன், கன்னம் முழுக்க அப்பிக்கொண்டது. குஷன் உரிந்து பொடியாக வந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் வெல்வெட் மாதிரித் துணி வைத்த குஷன்தான் வாங்குகிறேன். கழற்றி, லேசாக சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் ஒருநாள் காயவைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் கேட்டு முடித்ததும் குஷனைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் தொங்கவிடுவேன். வாங்கிய உறைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். ஐப்பசி மழை முடிந்து திறந்தால் பூஞ்சை பூத்திருக்கும். டப்பாவில் வைக்கும் இயர்போனுக்கு, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை ஒன்று போட்டு வையுங்கள்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. வயர் ஹெட்போன் என்றால் நான் முதலில் தேடுவதே செகண்ட் ஹேண்ட்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் வருகிறதா, கேபிளை ஜாக் பக்கம் வளைத்தால் கரகரக்கிறதா, தலைப்பட்டையில் விரிசல் உண்டா என்று பாருங்கள். குஷனுக்கு மாற்று கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இயர்பட்ஸ் மட்டும் பழையது வேண்டாம். பேட்டரியும் போயிருக்கும், அடுத்தவர் காது அழுக்கும் இருக்கும்.

இவ்வளவு கேட்டால் காது கெட்டுப்போகாதா?

எத்தனை ஹெட்போன் என்பதில் ஆபத்து இல்லை. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5, 92-க்கு இரண்டரை. கணக்கு இவ்வளவு சீக்கிரம் கரைவது பலருக்குத் தெரியாது.

சத்தமான இடத்தில் ஓப்பன் பேக் போட்டு, வெளிச் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றுவது மோசமான பழக்கம். க்ளோஸ்டு பேக்குக்கு இது ஒரு நல்ல காரணம். கேட்டு முடித்தபின் காதில் "ஞொய்" என்று இரைந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அது மறுநாளும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

புதிதாக வாங்கும் ஆசையை எப்படி அடக்குகிறீர்கள்?

எட்டாவது வந்தால் ஏழில் ஒன்று போக வேண்டும். வீட்டில் போட்ட ஒப்பந்தம் இது, போட்டது நான் இல்லை. அடக்குவதற்கு உதவும் இன்னொன்று: வாங்கத் தோன்றும்போது, மாதக்கணக்கில் தொடாமல் தொங்குவதை எடுத்துத் தூசி தட்டி இரண்டு நாள் கேட்பேன். பாதிச் சமயம் ஆசை அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒன்றை எனக்கு இரவல் தருவீர்களா?

எச்.டி. 600 தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள். முதன்முதலாக வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது காஸ் போர்ட்டா ப்ரோ. 1984-ல் வந்த மாடல், இன்னும் அதே உருவம். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். தலைப்பட்டை இரண்டு தகடாக இருக்கும், முடி சிக்கும், பார்த்துக் கழற்றுங்கள். என்னிடம் இருப்பதில் கேபிளைக் கழற்ற முடியாது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதாக இருந்தால் வயரைத் தோளுக்குப் பின்னால் விட்டுக்கொள்ளுங்கள், சக்கரம் ஏறிவிடும்.